லாரியில் ஏழு பேர்

முதலில் நடுங்கியது தண்ணீர்.

சித்திரை பிறக்கச் சில நாட்களே இருந்தன. பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, வீட்டுக்கு எதிரே உப்பளத்து வரப்பில் ஏழுமலையோடு நின்றிருந்தேன். ஏழுமலை அந்த அளத்தின் மேஸ்திரி. கொஞ்சம் தள்ளி ஒரு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்து வெயிலில் பாத்தித் தண்ணீரின் மேல், காய்ச்சிய பாலில் கட்டுவது போல, உப்பு மெல்லிய ஆடையாகக் கட்டியிருக்கும். விரல் பட்டாலே உடைந்துவிடும்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. பாத்தி முழுவதும் ஒரே சமயத்தில் சுருங்கி, உடைந்து, சில்லு சில்லாகத் தண்ணீருக்குள் இறங்கியது. காற்று கொஞ்சமும் இல்லை.

"எவன்டா பாத்தில கால வச்சது?" என்று ஏழுமலை கத்தினார்.

எவனும் வைக்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து பதினான்கு பாத்திகள் தெரிந்தன. பதினான்கிலும் ஆடை கிழிந்திருந்தது.

கூடையோடு வந்த ஒரு பெண், "தலைய சுத்துதுண்ணா" என்று வரப்பில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவளும் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை சுற்றாது. எனக்கு உள்ளங்கால் கூசியது.

சிறிது நேரத்தில் லாரி டிரைவரின் செல்போன் அடித்தது. அவர் பேசி முடிக்கும்போது முகம் மாறியிருந்தது. "மேஸ்திரி, கடலுக்கு அடியில பெரிய பூகம்பமாம். டிவில ஓடுதாம். தண்ணி வரும்னு சொல்றாங்க."

எண்ணும் பழக்கம்

இந்த இடத்தில் லாரியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.

கல்யாணப் பந்தியில் நான் அப்பளம் எண்ணிய கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு ஒன்பது கடிதங்கள் வந்தன. ஆறு பேர் சிரித்தோம் என்கிறார்கள். மூன்று பேர் டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். டாக்டரைப் பார்த்தாயிற்று. அவர் அறையின் சன்னலில் பதினேழு கம்பிகள்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு வாத்தியார். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனதில் வந்த பழக்கம் இது. பஸ் கிளம்பும் முன் ஒரு முறை தலைகளை எண்ண வேண்டும். கிளம்பி முதல் வளைவு திரும்பியதும் இன்னொரு முறை எண்ண வேண்டும். முதல் எண்ணிக்கையில் ஏமாற்றுகிற பிள்ளை இரண்டாவதில் மாட்டும்.

ஒருமுறை செஞ்சிக் கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இரண்டாவது எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தது. திண்டிவனம் சாலையில் ஏறிவிட்டோம். டிரைவர் திட்டத் திட்ட பஸ்ஸைத் திருப்பச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கோட்டை நெற்களஞ்சியத்துக்குள் நின்று, தன் பெயரைச் சொல்லி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைத் தேடக்கூட இல்லை. "வருவீங்கன்னு தெரியும் சார்" என்றாள்.

இந்தப் பெருமையை நான் பலமுறை பலரிடம் சொல்லியிருக்கிறேன். இன்று எழுதக் கூசுகிறது.

வருடங்களை மட்டும் எனக்கு எண்ண வராது. உப்பாடை உடைந்த அந்த மதியம் நடந்து பன்னிரண்டு வருடமா, பதின்மூன்றா? என் மனைவி சரோஜா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். வருடங்கள் அவள் பொறுப்பில் இருந்தன.

மூன்றாம் அறை

நான் ஓய்வு பெற்றதும், மரக்காணத்துக்கு வெளியே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, நாங்கள் இருவரும் நான்கு அறைகள் கட்டினோம். தங்க வருகிறவர்களுக்காக. எதிரே உப்பளம், பக்கத்தில் கழுவெளிச் சதுப்பு, குளிர் மாதங்களில் பறவைகள். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து வருவார்கள். ஆரோவில்லில் இடம் கிடைக்காத வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள்.

கட்டி முடித்த இரண்டாம் வருடம் சரோஜா போய்விட்டாள். மகன் ஹைதராபாத்தில். அதற்குப் பிறகு யாராவது தங்க வந்தால்தான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம். மற்ற நாட்களில் பிலோமினா மட்டும். மரக்காணத்திலிருந்து சைக்கிளில் வந்து சமைத்துப் பெருக்கிவிட்டுப் போகிறவள்.

மூன்றாம் அறை சவரிநாதனுடையது. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். தை பிறந்ததும் பெட்டியோடு வருவார், சித்திரை வெயில் ஏறியதும் கிளம்புவார். ஐந்து வருடம் இப்படி வந்தார்.

பீரங்கிச் சத்தத்தில் அவருக்குக் காது போயிருந்தது. காதில் மெஷின் உண்டு. பகல் தூக்கத்துக்கு அதைக் கழற்றித் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைப்பார். நாலரைக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தால் இருவரும் சாலை வரை நடப்போம். போய் வர ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் எட்டு. வழி நெடுக என்னைக் கேலி செய்வார்.

"இன்னா வாத்தியாரே, நாரைங்கல்லாம் ஆஜரா? எவனாச்சும் லீவ் லெட்டர் குடுத்திருக்கானா?"

"நூற்றுப் பன்னிரண்டு. நேத்தைக்கு நூற்றுப் பதினாறு."

"நாலு பேரு டிமிக்கி! பெத்தவங்கள இட்டாரச் சொல்லு."

அந்த நடைக்காகவே நான் காலையிலிருந்து மாலை வரை இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவரிடம் சொன்னதில்லை.

கதவைத் தட்டினேன்

லாரிக்கு வருகிறேன்.

"எல்லாரும் ஏறுங்க, திண்டிவனம் பக்கம் போயிடலாம். சார், உங்க வீட்ல இருக்கறவங்களயும் கூட்டியாங்க" என்றார் ஏழுமலை.

ஓடினேன். முதல் அறையில் சென்னைக் குடும்பம்: அப்பா, அம்மா, ஒரு சின்னப் பெண். இரண்டாவதில் பறவைகளைப் படமெடுக்க வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள். நான்காவது அறை காலி. சென்னைக்கார அம்மா கதவைத் திறந்ததுமே பெண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள்.

"கேஸ அணைச்சியா?" என்று பிலோமினாவைக் கேட்டேன்.

"அணைச்சுட்டேன் சார்."

"மோட்டார்?"

"ஐயோ மாதாவே, தண்ணி வருதுங்கறாங்க, மோட்டாரக் கேக்கறீங்களே! வாங்க சார்!"

மூன்றாம் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள். காதில் மெஷின் இருக்காது என்று எனக்குத் தெரியும். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சன்னலுக்குப் போய்க் கம்பால் தொட்டு எழுப்பலாம். முன்பொருமுறை தபால்காரர் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது அப்படி எழுப்பியிருக்கிறேன். முப்பத்தெட்டு எட்டுத் தூரம்தான்.

போகவில்லை. அவர் சத்தம் கேட்டு முன்பே வெளியே போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே தாழ்ப்பாள் போட்ட கதவின் முன் நின்றுகொண்டு, காது கேட்காத மனிதரைப் பற்றி.

வெளியே வந்து கேட்டைப் பூட்டினேன். எங்கள் கடற்கரையில் இது ஒரு வழக்கமாகியிருந்தது. முந்தைய சுனாமியின்போது வீட்டைத் திறந்துபோட்டு ஓடியவர்களுக்கு, தண்ணீர் எடுக்காத சாமான்களும் திரும்பக் கிடைக்கவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதிலிருந்து இங்கே உயிருக்கு ஓடுகிறவர்களும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்கள். நானும் இழுத்துப் பார்த்தேன்.

ஏழுமலை பின்பலகையில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்துத் தூக்கினார். உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தோம். வியர்த்த தொடையில் உப்பு எரிந்தது. வரப்புப் பாதையில் வேகமாகப் போக முடியாது. லாரி ஆடி ஆடி அளத்தைச் சுற்றி வளைந்தது.

முதல் வளைவு. என் விரல் தானாக நீண்டது.

அளத்து ஆட்கள் இருபத்திரண்டு பேர். என் வீட்டிலிருந்து வந்தவர்களைத் தனியாக எண்ணினேன். சென்னைக்காரர்கள் மூன்று, படமெடுக்க வந்தவர்கள் இரண்டு, பிலோமினா, நான். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு.

எட்டு இருக்க வேண்டும்.

"உங்க ஆளுங்கல்லாம் ஏறிட்டாங்களா சார்?" என்று ஏழுமலை கேட்டார்.

வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் லாரி நின்றிருக்கும். டிரைவர் திட்டியிருக்கக்கூட மாட்டார். நான் வீட்டைப் பார்த்தேன். அதற்குப் பின்னால், தூரத்தில் கடல் இருக்கும் திசையையும் பார்த்தேன்.

"ஏறிட்டாங்க" என்றேன்.

அவர் மேல் ஏதாவது கோபம் இருந்ததா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. வெறும் பயம். மனைவி இல்லை, மகன் பக்கத்தில் இல்லை, யாருக்காக அந்த உயிரை அப்படிப் பிடித்துக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெருமுக்கல் குன்று தெரியும் இடத்தில் லாரி நின்றது. இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்தோம். அப்போதுதான் பிலோமினா சுற்றிலும் பார்த்துவிட்டு, "சார், சொல்தா எங்க?" என்றாள்.

நானும் அப்போதுதான் கவனித்தவன் போலத் தலையில் கை வைத்தேன்.

ஏழுமலை ஒரு பைக்கை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகப் பார்த்தார். கடல் பக்கம் யாரையும் விடமாட்டோம் என்று போலீஸ்காரர்கள் வழியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிலோமினா ஜெபமாலையை எடுத்தாள். மூன்று மணி நேரம், அவள் உருட்டிய மணிகளை நான் எண்ணவில்லை.

மொட்டை மாடி

தண்ணீர் வரவில்லை. எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டோம்.

சவரிநாதன் மொட்டை மாடிப் படிக்கட்டில், கீழிருந்து இரண்டாம் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தார். காதில் மெஷின் இருந்தது. பிலோமினா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மன்னிச்சுடு சவரி" என்றேன். "அவசரத்துல எண்ணிக்கை தப்பிடுச்சு."

"தப்பிடுச்சா?"

"தப்பிடுச்சு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மேல ஏறிப் பாத்தேன்" என்றார். "அளத்துல ஒரு ஆளு இல்ல. கூடைங்க மட்டும் கவுந்து கெடக்குது. நாந்தான் செத்துட்டேனோன்னு நெனச்சேன்."

நான் வைத்த காபியைக் குடித்தார். மறுநாள் காலை டாக்சி வந்தது. புதுச்சேரியில் தங்கை வீட்டுக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறிவிட்டார். டாக்சி சாலையில் ஏறும்வரை கேட்டில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடல் எவ்வளவு தூரம்?

தண்ணீர் வரவில்லை, ஆனால் அதற்குப் பிறகு மனிதர்களும் வரவில்லை.

சென்னைக் குடும்பம் அன்று மாலையே போய்விட்டது. வெள்ளைக்காரப் பெண்கள் மறுநாள். அடுத்த நான்கு வாரங்களுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர்களில் ஒருவரும் வரவில்லை. போன் அடித்தால் வரவில்லை என்று சொல்லத்தான் அடித்தது.

அதுவரை எங்கள் சாலையில் இருந்த விடுதிகள், கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பதில் ஒன்றோடொன்று போட்டி போட்டு போர்டு வைத்திருந்தன. கடலுக்கு ஐம்பது அடி. அலை உங்கள் வாசலில். பொம்மையார்பாளையம் போகிற பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து எண்ணினேன். அப்படிப்பட்ட போர்டுகள் பதினொன்று. கோடை முடிவதற்குள் அவற்றில் ஏழைத் திருத்திவிட்டார்கள். ஐம்பது அடி ஐந்நூறு மீட்டர் ஆகியிருந்தது. அலை வாசலை விட்டுப் போய், தென்னந்தோப்பு வந்திருந்தது. கடல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நம்ம வீடு கடல்லேர்ந்து தள்ளித்தான சார் இருக்குது. இனிமே கூட்டம் இங்கதான் வரும், பாருங்க" என்றாள் பிலோமினா.

வந்தார்கள். காரை நிறுத்தி வாசலில் நின்றார்கள். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் பளபளவென்று தண்ணீர்.

"சார், தண்ணி ஆல்ரெடி உள்ள வந்துடுச்சா?"

"இது உப்பளம்ங்க. கணுக்காலுக்கு மேல வராது."

"ஓ" என்பார்கள். காரைத் திருப்புவார்கள். அந்தக் கோடையில் அப்படித் திரும்பிய கார்கள் ஒன்பது.

மாலை நாலரைக்கு நான் தனியாக நடந்தேன். தனியாக நடக்கும்போது அதே தூரத்துக்கு ஆயிரத்து முந்நூறு எட்டுதான் வந்தது. அவர் மெதுவாக நடப்பவர்.

டீக்கடையில் என் கதை பரவியிருந்தது. கணக்கு வாத்தியார் தலையை எண்ணத் தப்பிவிட்டார். இதைவிட நல்ல வேடிக்கை மரக்காணத்துக்கு வெகுநாளாகக் கிடைத்திருக்கவில்லை.

"சார், டீ எத்தினி? பாத்து எண்ணிச் சொல்லுங்க, ஒண்ணு கொறஞ்சிடப் போவுது!" என்பார் ஏழுமலை.

பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவமானமாக இருந்தது என்று எழுதினால் பொய். நிம்மதியாக இருந்தது. ஊர் என்னை முட்டாளாக நினைக்கும்வரை, வேறு மாதிரி நினைக்காது.

அடுத்த தை வந்தது. சவரிநாதன் வரவில்லை. மூன்று கடிதங்கள் போட்டேன். எண்ணிக்கை தப்பிய அன்று, எண்ணிக்கை தப்பியதற்காக, எண்ணிக்கை தப்பியதை மறந்து என்று மூன்றிலும் ஒரு வரி இருந்தது. பதில் இல்லை.

மெல்ல மெல்ல மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். ஆட்களுக்குப் பயம் மறந்ததும் விடுதிக்காரர்கள் கடலை மறுபடி ஐம்பது அடிக்கு இழுத்துக்கொண்டார்கள். என் அறைகளிலும் வெளிச்சம் எரிந்தது. யார் யாரோ தங்கினார்கள். நாலரைக்கு யாரும் முகம் கழுவிக்கொண்டு வெளியே வரவில்லை.

இந்த வருடம்

இந்தக் கோடையில் மறுபடி பூகம்பம். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. இங்கே உப்பாடை கலையவில்லை. ஆனால் டிவி நாள் முழுவதும் இடிந்த கட்டடங்களைக் காட்டியது. காலையிலிருந்து என் போன் ஐந்து முறை அடித்தது. நான்கு அறைகளும் காலியாயின.

ஆறாவது அழைப்பை நான் குளித்துக்கொண்டிருந்ததால் பிலோமினா எடுத்தாள். அவளுக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

"அங்க சேஃபாம்மா? ஏதாவது ஆச்சுன்னா?" என்று ஒரு பெண் குரல்.

"ஒண்ணும் ஆவாதும்மா. அப்படியே ஆனாலும் எங்க சாரு எல்லாரையும் எண்ணி எண்ணித்தான் லாரில ஏத்துவாரு. ஒரே ஒரு தடவதான் ஒரு ஆள விட்டுட்டாரு. பாவம், அவரு என்னா பண்ணுவாரு, பயத்துல எண்ணிக்கை தப்பிடுச்சு."

அந்தப் பெண் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

நான் ஈரத்துண்டோடு நின்றிருந்தேன். பிலோமினா இத்தனை வருடமும் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்காகப் பரிந்துகொண்டு சொல்லியிருக்கிறாள்.

புதுச்சேரியில் சவரிநாதனின் தங்கை மகளைத் தேடிப்பிடித்து நம்பர் வாங்கினேன். மதியம் போட்டேன். ஒரு பெண் எடுத்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். பிறகு நெடுநேரம் நாற்காலி இழுபடும் சத்தம். மூச்சுச் சத்தம்.

"யாரு?"

"நான்தான். மரக்காணம் வாத்தியார்."

"அட. உசுரோடதான் இருக்கியா?"

"இருக்கேன். சவரி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி எண்ணிக்கை தப்பல."

"சத்தமாச் சொல்லுய்யா."

கத்தினேன். "எண்ணிக்கை தப்பல! ஏழு பேர்தான் இருந்தோம்னு எனக்குத் தெரியும்! நிறுத்தச் சொல்லல! பயந்துட்டேன்!"

அந்தப் பக்கம் காது மெஷினைத் திருகும் கீச்சுச் சத்தம் வந்தது.

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"காதுதான் கேக்காது. கட்டிலு ஆடுனா எழுந்துக்க மாட்டேனா? மெதுவா சட்டையப் போட்டுக்கினு, மெஷின மாட்டிக்கினு வெளிய வந்தேன், கேட்டு பூட்டியிருந்துது. மாடிக்கு ஏறுனேன். லாரி அளத்தச் சுத்திக்கிட்டுப் போவுது. நீ மூட்ட மேல குந்திக்கினு வெரல நீட்டி எண்ணுன. ரெண்டு தடவ எண்ணுன. அப்புறம் வீட்டப் பாத்த. நான் கையக்கூட ஆட்டுனேன்."

"நான் பாக்கல சவரி. சத்தியமா மாடியைப் பாக்கல."

"அத நம்பறேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். ஓடுனதுக்காவ நான் கோச்சிக்கலய்யா. பட்டாளத்துல நானும் ஓடியிருக்கேன், அடிபட்ட ஆள அப்படியே போட்டுட்டு. ஓடிட்டேன்டா சவரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அடுத்த தை மாசம் பொட்டியத் தூக்கிக்கினு வந்திருப்பேன். தப்பிடுச்சுன்ன. லெட்டர்லயும் அதையே எழுதுன. மூணு லெட்டர்லயும்."

"இப்பதான் சொல்லிட்டேனே. வா."

சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"எங்க வர்றது? கட்டில்லேர்ந்து நாற்காலிக்குப் போவவே ரெண்டு நர்சுங்க வேணும். லேட்டாயிடுச்சு வாத்தியாரே."

அந்தப் பெண் மறுபடி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மருந்து நேரமாக இருக்கும். "வைக்கறேன்" என்றார். வைத்துவிட்டார்.

போனைக் கீழே வைத்துத் திரும்பினேன். பிலோமினா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நான் கத்தியது முழுவதும் அவள் காதில் விழுந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அரிசிப் படியைப் பார்த்துக்கொண்டு, எப்போதையும்விடத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"எத்தினி பேருக்கு சார் ஒல வைக்கட்டும்?"

"ஒருத்தருக்கு" என்றேன்.